இருவகைக் கடன்

கடன் என்னும் சொல் தமிழில் இருபொருள் உடையது. ஒருவர் தவறாது செய்தற்குரிய கடமையும் கடன். பிறரிடம் பெற்றுத் திருப்பித் தருதற்குரிய பொருளும் கடன். பெற்றோரைப் பேணுதல் மக்கட்குக் கடன் என்னுமிடத்து முதற்பொருள் விளங்கும். உழவர் விதை வாங்கக் கடன்பட்டார் என்னுமிடத்து இரண்டாம் பொருள் விளங்கும். இவ்விரண்டும் தம்முள் வேறாயினும், சில இல்லங்களில் ஒன்று மற்றொன்றாக மாறிவிடுகிறது. அன்பினால் ஏற்ற கடமையே ஆண்டுகள் செல்லச் செல்ல அடைக்கலாகாத பொருட்கடனாக வந்து நிற்கிறது. மனநோயுற்ற ஒருவரை உடன்வைத்துப் பேணும் குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுவே. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது, இதனைத் தடுக்கும் வழி யாது என்பவற்றை அறிதல் யாவர்க்கும் நலம் பயக்கும்.

உடலுக்கு நோய் வருதல் போலவே மனத்திற்கும் நோய் வருதல் உண்டு. நினைவும் உணர்வும் அறிவும் மூளையின் தொழிற்பாட்டைச் சார்ந்தவை. அத்தொழிற்பாடு பிறழுமிடத்து மனநோய் தோன்றுகிறது. பரம்பரைக் கூறும், வாழ்வில் நேரும் பெருந்துன்பங்களும், போதைப் பொருள்களும் அப்பிறழ்ச்சிக்குத் துணையாதல் கூடும். வாரக்கணக்கில் நீங்காத துயரும், எதிலும் நாட்டமின்மையும், ஊணும் உறக்கமும் கெடுதலும் மனச்சோர்வு நோயின் அறிகுறிகள். ஒருகால் அளவிறந்த கிளர்ச்சியும் மற்றொருகால் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வருவது இருமுனை மனநோய். பிறர் செவிக்கு எட்டாத குரல்கள் தம் செவியில் ஒலித்தலும், தமக்கு யாரோ தீங்கு சூழ்கின்றனர் என்னும் பொய்யான உறுதியும், எண்ணத்தின் தொடர்பு அறுதலும் மனச்சிதைவு நோயின் இயல்புகள்.

மனச்சிதைவு நோய் பெரும்பாலும் இளமைப் பருவத்திலே தலைகாட்டுவது. கல்வி முடித்துத் தொழில் பழகிப் பொருளீட்டத் தொடங்கும் வயதிலே அது வந்து தாக்குகிறது. அதனால் குடும்பம் எதிர்நோக்கியிருந்த வருவாய் வாயிலிலேயே தடைப்பட்டுவிடுகிறது. இந்நோய் காய்ச்சல் போலச் சில நாளில் வந்து நீங்குவதன்று. நீரிழிவு போல நெடுங்காலம் மருந்தும் கண்காணிப்பும் வேண்டுவது. ஆயினும் முறையாகப் பேணப்பெறின், நோயுற்றோரிற் பலர் தேறித் தம் தொழிலைத் தாமே செய்து வாழ்தல் கண்கூடு.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு உறுப்பாக வகுத்துள்ளார். நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, உடனிருந்து மருந்தூட்டிப் பேணுபவர் என்பன அந்நான்கு. பேணுபவரையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே வைத்த நுண்மை கருதத்தக்கது. மருத்துவமனையில் மருத்துவர்க்கு ஊதியம் உண்டு. மருந்திற்கு விலை உண்டு. நோயாளிக்குப் படுக்கை உண்டு. உடனிருந்து பேணும் தாய்க்கோ மனைவிக்கோ எக்கணக்கிலும் இடமில்லை. குடும்பத்தின் கடன் பெருகுவது கணக்கில் ஏறாத இந்த நான்காம் உறுப்பின் வழியாகவே ஆகும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிற் பட்டு நெய்யும் குடும்பம் ஒன்று இருப்பதாகக் கொள்க. தந்தை, தாய், இருபது வயது மைந்தன், ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் மகள் என அக்குடும்பத்தினர் நால்வர். கோர்வைச் சேலை நெய்வது அவர்தம் தொழில். உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக அமையும் அச்சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஆதலின் குழித்தறியில் ஒருவர் அமர்ந்து நெய்ய, மற்றொருவர் பக்கத்தே அமர்ந்து கரைக்குரிய நாடாவைச் செலுத்தல் வேண்டும். தந்தை நெய்வார், மைந்தன் கரை போடுவான், தாய் தார் சுற்றிக் கொடுப்பார். மூவர் கையும் இயங்கினால் அன்றித் தறி இயங்காது.

ஒருநாள் மைந்தன் தறிக்கு வரவில்லை. இரவெல்லாம் விழித்திருந்தான். தறியின் ஓசையினூடே யாரோ தன்னை ஏசுவதாகக் கூறினான். அண்டை வீட்டார் தன் உணவில் நஞ்சு கலக்கின்றனர் என்று ஐயுற்று உண்ண மறுத்தான். பெற்றோர் திகைத்தனர். கண்ணேறு என்றார் ஒருவர். ஏவல் என்றார் மற்றொருவர். மந்திரிப்பவரிடம் ஒரு மாதம் சென்றது. தொலைவிலுள்ள கோயில்களுக்குச் சென்று நேர்த்திக்கடன் செலுத்துவதில் இரு மாதங்கள் சென்றன. தாயின் காதணி அடகுக் கடையைச் சேர்ந்தது. மைந்தன் எங்கேனும் ஓடிவிடுவானோ என்று அஞ்சித் தாய் தார் சுற்றுவதை விட்டு வாயிலிற் காவல் இருந்தார். கரை போட ஆளின்றித் தந்தையின் தறி நின்றது. கூலிக்கு ஆள் வைத்து நெய்தபோது, கிடைத்த கூலியில் ஒரு பங்கு அவ்வாளுக்குச் சென்றது. உரிய நாளிற் சேலை முடியாமையால், முன்பணம் தந்த முதலாளி அடுத்த பாவினைத் தர மறுத்தார். இறுதியில் மகள் பள்ளியினின்று நின்றாள். தமையன் அமர்ந்த இடத்தில் அமர்ந்து கரை போடலானாள்.

நோய் வந்தது ஒருவனுக்கு. அதனால் தொழில் குன்றியோர் மூவர். கல்வி இழந்தவள் ஒருத்தி. இத்துணைக் கேடும் விளைந்த பின்னரும், மருத்துவர்க்கும் மருந்திற்கும் இன்னும் ஒரு காசும் செலவாகவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இத்தகைய குடும்பத்தின் இழப்பை மூன்றாக வகுத்துக் காணலாம். முதலாவது, கையினின்று செல்லும் பொருள். மருத்துவக் கட்டணம், மருந்தின் விலை, பேருந்துக் கட்டணம், வெளியூரில் உண்ணும் உணவு, தங்கும் இடத்தின் வாடகை, மந்திரம் முதலியவற்றிற்கு ஆகும் செலவு ஆகியன இதில் அடங்கும். இரண்டாவது, கைக்கு வாராத பொருள். நோயுற்றவர் ஈட்டாத கூலியும், பேணுபவர் வேலைக்குச் செல்லாமையால் இழந்த கூலியும் இவ்வகையின. மூன்றாவது, கணக்கில் ஏறாத உழைப்பு. நீராட்டல், உணவூட்டல், மருந்து கொடுத்தல், இரவில் விழித்திருத்தல், சினந்தபோது பொறுத்தல் ஆகிய இவற்றிற்குக் கூலி தருவார் இலர். கூலி கேட்பாரும் இலர். இம்மூன்றாம் சுமை பெரும்பாலும் பெண்களின் தோளிலேயே ஏறுகிறது.

முதலாவது இழப்பு கண்ணுக்குத் தெரிவது. ஆதலின் அதுவே பெரிதென்று பலர் எண்ணுவர். சிறு கணக்கொன்று செய்துபார்த்தால் உண்மை விளங்கும். ஒருவரது நாட்கூலி 400 ரூபாய் என்றும், மாதத்தில் 25 நாள் வேலை உண்டு என்றும் வைத்துக்கொள்க. நோயுற்றவர் வேலைக்குச் செல்லாமையால் மாதம் 10,000 ரூபாய் வாராமற் போகிறது. பேணுபவர் மாதத்திற் பத்து நாள் வேலையை விடுவாராயின் மேலும் 4,000 ரூபாய் வாராமற் போகிறது. இரண்டும் சேர்ந்து மாதம் 14,000 ரூபாய். ஆண்டொன்றிற்கு 1,68,000 ரூபாய். இவ்விழப்பிற்கு மருந்துக் கடையிற் பற்றுச்சீட்டு இல்லை.

கையினின்று செல்லும் பொருளும் ஏழைகட்குச் சிறிதன்று. பெங்களூரிலுள்ள தேசிய மனநல நரம்பியல் நிறுவனம் 2015–16-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வினை நடத்திற்று. மருத்துவத்திற்கும் அதன்பொருட்டுச் செய்யும் பயணத்திற்குமாகக் குடும்பங்கள் மாதந்தோறும் ஏறத்தாழ 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவிட்டமை அதனால் தெரியவந்தது. வயதுவந்தோருள் நூற்றுக்குப் பத்துப்பேர்க்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறை உடையோர் என்பதும் அவ்வாய்வின் முடிபு. அவர்களுள் உரிய மருத்துவம் பெறாதோர், நோயின் வகைக்கேற்ப, நூற்றுக்கு 70 முதல் 92 வரை இருந்தனர். மருத்துவம் பெற்றோரினும் பெறாதோரே பலர் என்னும் இச்செய்தி கவலைக்குரியது.

மருந்து கிடைக்காமையால் இந்நிலை நேர்ந்தது என்று கூறிவிடல் இயலாது. மனநோய்க்குரிய இன்றியமையாத மருந்துகள் பல மலிவானவை. தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகட்கு அளித்து வருகிறது. அங்கே அவை நோயாளிகட்கு விலையின்றி வழங்கப்பெறுகின்றன. அங்ஙனமாயின் கடன் பெருகுவது ஏன்? அதற்குக் காரணங்கள் மூன்று.

முதற்காரணம் மறைத்தல். காலில் முள் தைத்தாற் கூசாது கூறும் மக்கள், மனத்தில் நோயென்றால் கூறக் கூசுகின்றனர். செய்தி வெளிப்படின் மகளுக்கு மணம் அமையாது, ஊரார் எள்ளுவர், வேலை தருவார் இலர் என்னும் அச்சமே இதற்குக் காரணம். ஆதலின் அருகிலுள்ள மருத்துவமனையை விடுத்து, அறிந்தோர் காணாத தொலைவூர்க்குச் செல்கின்றனர். விலையின்றிக் கிடைக்கும் மருந்தை விடுத்து, விலைகொடுத்து வேறிடத்தில் வாங்குகின்றனர். சிலர் ஆண்டுக்கணக்கில் எங்குமே செல்வதில்லை. மனச்சிதைவு நோய் மருந்தின்றிக் கழியும் காலம் நீள நீள, அதனினின்று முழுவதும் மீளுதல் அரிதாகிறது. அரிதாகுந்தோறும் செலவும் பெருகுகிறது.

இரண்டாம் காரணம் இடைநிறுத்தல். மருந்துண்டு சில மாதங்களில் நோய் தணிந்ததும், இனி மருந்து எதற்கு என்று நிறுத்துவோர் பலர். செலவைக் குறைக்கக் கருதி, இரு வேளை மருந்தை ஒரு வேளையாக்குவாரும் உளர். மருத்துவமனை செல்ல ஒருநாட் கூலி போகுமே என்று செல்லாதிருப்பாரும் உளர். இவ்வாறு செய்வதால் நோய் மீண்டும் வருகிறது. மீண்டும் வரும்போது முன்னினும் வலிதாக வருதலும் உண்டு. நூறு ரூபாயைச் சேமிக்க எண்ணி ஆயிரங்களை இழக்கும் சிக்கனம் இது. கரையில் எலிவளை கண்டபோதே ஒரு கூடை மண்ணால் அடைக்காது விட்டு, ஏரி உடைந்தபின் ஊரைக் கூட்டுவதனை இஃது ஒக்கும்.

மூன்றாம் காரணம் தொலைவு. மனநல மருத்துவர்கள் பெரும்பாலும் நகரங்களிலே உள்ளனர். சிற்றூரில் வாழும் ஒருவர் மாதம் ஒருமுறை நகரம் சென்று மருந்து பெறல் வேண்டுமாயின், நோயாளியுடன் மற்றொருவரும் செல்லல் வேண்டும். இருவர் கட்டணம், இருவர் உணவு, இருவர் கூலியிழப்பு என அனைத்தும் இரட்டிக்கின்றன. மருந்து விலையற்றதாயினும், அதனைப் பெறும் வழி விலையுடையதாகிறது.

பேணும் பொறுப்பு இவ்வளவு தூரம் இல்லத்தின்மேல் வந்து சேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. சென்னையில் 1794-ஆம் ஆண்டில் மனநோயாளர்க்கெனக் காப்பகம் ஒன்று ஏற்பட்டது. 1871-ஆம் ஆண்டில் அது கீழ்ப்பாக்கத்திற்கு மாற்றப்பெற்றது. அங்கு இன்றும் இயங்கும் அரசு மனநல மருத்துவமனை அதன் வழிவந்ததே. மனநோயாளரைச் சுவர்களுக்குள் வைத்துக் காத்தலே அக்காலத்து முறையாக இருந்தது. நோயைத் தணிக்கும் மருந்து அந்நாளில் இல்லை. உள்ளே சென்றோருட் பலர் தம் வாழ்நாளை அங்கேயே கழித்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இந்நிலை மாறிற்று. 1949-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நாட்டு மருத்துவர் ஜான் கேட் என்பவர், லித்தியம் என்னும் எளிய உப்பு மனக்கிளர்ச்சி நோயைத் தணிப்பதைக் கண்டறிந்தார். 1952-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர்கள் குளோர்ப்புரோமசீன் என்னும் மருந்தை மனச்சிதைவு முதலிய நோய்களுக்குப் பயன்படுத்திப் பெரும்பயன் கண்டனர். சுவருக்குள் அடைபட்டோர் மருந்துண்டு இல்லம் திரும்பும் காலம் பிறந்தது.

அக்காலத்தே இந்திய மருத்துவர்கள் மற்றொரு நல்வழியையும் கண்டனர். அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர், நோயாளியின் உறவினரையும் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரமிட்டுத் தங்கச் செய்தார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957-ஆம் ஆண்டில் தொடங்கிய மனநல நிலையத்திலும் நோயாளியுடன் குடும்பத்தார் தங்கும் முறை கைக்கொள்ளப்பெற்றது. உறவினர் நோயின் இயல்பை அறிந்தனர். பேணும் முறையைக் கற்றனர். சென்னைக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை பணிபுரிந்தவர் மருத்துவர் சாரதா மேனன். இந்தியாவின் முதற் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்பெற்ற அவர், 1984-ஆம் ஆண்டில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் தோற்றுவித்தார். நோய் தணிந்தோர் தொழில் கற்று வாழ்விற் காலூன்றுதலும் மருத்துவத்தின் பகுதியே என்பது அவர் கொள்கை.

நோயாளர் இல்லம் திரும்பியது பெரும்பேறு. அன்புள்ள சுற்றத்தினிடையே வாழ்தலினும் சிறந்த மருந்து இல்லை. எனினும் நோயாளருடன் செலவும் இல்லம் திரும்பிற்று. மருத்துவ உலகம் இல்லத்தை மருத்துவமனையின் ஒரு கூடமாக ஆக்கிக்கொண்டது; ஆனால் மருத்துவமனைக்குரிய பொருளில் ஒரு பங்கினை அக்கூடத்திற்கு அனுப்ப மறந்தது.

மறந்ததன் விளைவை ஏர்வாடி உலகிற்குக் காட்டிற்று. இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள ஏர்வாடி தர்காவிற்கு மனநோயுற்றோரைப் பல சமயத்தாரும் அழைத்து வருதல் நெடுநாள் வழக்கம். அதனைச் சூழத் தனியார் காப்பிடங்கள் பல எழுந்தன. நோயாளரை உடன்வைத்துக் காக்க இயலாத குடும்பத்தார் பணம் செலுத்தி அவரை அங்கு விட்டுச் சென்றனர். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள் அக்காப்பிடங்களுள் ஒன்றில் தீப்பற்றியது. அங்கிருந்தோர் சங்கிலியாற் பிணிக்கப்பெற்றிருந்தமையின் தப்பி ஓடல் இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கு விட்டுச் சென்றவர் அன்பிலார் என்று பழித்தல் எளிது. நாட்கூலியால் வாழும் இல்லத்தில், காவலிருக்க ஆளும் மருத்துவம் செய்யப் பொருளும் இல்லாதபோது, அன்பு மட்டும் என் செய்யும்? கதவில்லாத வீட்டிற் சங்கிலியே காவலாளி ஆயிற்று. ஏர்வாடியின் தீ சட்டத்தையும் அரசையும் விழிக்கச் செய்தது. உச்சநீதிமன்றம் தானாகவே அதனை வழக்காக எடுத்துக்கொண்டு, மனநோயாளர் நலம் குறித்து மாநிலங்கட்கு ஆணைகள் பிறப்பித்தது.

கடமை பொருட்கடனாக மாறாமற் காக்கும் வழிகள் சில இன்று உள. இந்திய அரசு 1982-ஆம் ஆண்டில் தேசிய மனநலத் திட்டத்தையும், 1996-ஆம் ஆண்டில் அதன் பகுதியாக மாவட்ட மனநலத் திட்டத்தையும் தொடங்கிற்று. மருத்துவத்தை நோயாளியின் ஊருக்கு அருகே கொண்டுசெல்லுதல் அதன் நோக்கம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் மாற்றுத்திறன் வகைகளுள் ஒன்றாக ஏற்றது. நோயினால் நேர்ந்த இயலாமை நூற்றுக்கு நாற்பது அளவிற்குக் குறையாது என்று மருத்துவச் சான்று பெறுவோர், அவ்வப்போது அரசு வகுக்கும் உதவிகளைக் கோருதற்கு உரியர்.

2017-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் இவற்றினும் ஒருபடி மேற்சென்றது. அரசின் மனநல மருத்துவத்தைப் பெறுதல் ஒவ்வொருவரின் உரிமை என்று அது கூறுகிறது. வறுமைக்கோட்டின்கீழ் உள்ளோர் அம்மருத்துவத்தைக் கட்டணமின்றிப் பெறலாம். உரிய மருத்துவப்பணி அரசினால் ஒரு மாவட்டத்தில் அமைக்கப்பெறாதாயின், அம்மாவட்டத்தில் வேறிடத்துப் பெறும் மருத்துவத்தின் செலவை அரசே ஏற்றல் வேண்டும். உடல்நோய்க்கு ஈடு வழங்கும் காப்பீட்டு நிறுவனங்கள் மனநோய்க்கும் அவ்வாறே வழங்குதல் வேண்டும். நோயாளரைச் சங்கிலியாற் பிணித்தல் கூடாது. மேலும், 2022-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் டெலிமானசு என்னும் தொலைபேசிப் பணி தொடங்கப்பெற்றது. 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே அறிவுரை பெறலாம். தொலைவு என்னும் தடைக்கும், வெளியிற் சொல்லக் கூசும் நாணத்திற்கும் இஃது ஓரளவு மருந்தாகும்.

இவை யாவும் வீண்செலவு என்று கருதுதல் பிழை. மனச்சோர்வு, மனப்பதற்றம் ஆகியவற்றின் மருத்துவத்திற்குச் செலவிடும் ஒவ்வொரு டாலரும், மக்கள் நலமுற்று உழைப்பதால் நான்கு டாலராகத் திரும்பி வரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைமையில் நடைபெற்ற ஆய்வு ஒன்று 2016-ஆம் ஆண்டிற் கணக்கிட்டது. உழவர் விதைத்த நெல்லைச் செலவு என்னாது முதல் என்பர். நோய் தீர்க்கச் செலவிடும் பொருளும் அத்தகைய முதலே ஆகும்.

எனினும், அரசு வகுத்த வழி அடுத்த தெருவில் இருந்தும், அதில் நடக்க நாணுவோர்க்கு அதனாற் பயனில்லை. அந்நாணத்தை உண்டாக்குவது ஊர். ஆதலின் அதனை நீக்கக்கூடியதும் ஊரே. மனநோயுற்றவரை இழிசொல்லால் அழையாதிருத்தல், அவர் பின்னே சிறுவர் கூடி நகையாது தடுத்தல், அவர் இல்லத்துடன் மணவினையும் நட்பும் விலக்காதிருத்தல் ஆகியவற்றிற்கு ஒரு காசும் செலவில்லை. பேணும் தாய்க்கு வாரத்தில் ஒரு பகற்பொழுதேனும் ஓய்வு கிடைக்குமாறு, அண்டை வீட்டார் நோயாளியுடன் இருந்து உதவலாம். நகரம் செல்லும் ஒருவர் இரு குடும்பத்திற்குரிய செய்தியை அறிந்து வரலாம். தொழில் நடத்துவோர், தேறிய ஒருவர்க்கு அவர் ஆற்றலுக்கேற்ற வேலை தந்து, மருத்துவரைக் காண மாதம் ஒருநாள் விடுப்பும் தரலாம். வேலை கிடைத்தலால் வருவது கூலி மட்டுமன்று. தம்மாலும் பிறர்க்குப் பயனுண்டு என்னும் ஊக்கமும் அதனால் வருகிறது.

மனநோயுற்ற மக்களைப் பெற்ற முதியோர் பலரிடம் ஒரு வினா உண்டு. தமக்குப் பின் தம் மகனை யார் பார்ப்பார் என்பதே அவ்வினா. பகலில் அதனை வாய்விட்டுக் கூறார். இரவில் அது அவரை உறங்கவிடாது. அடகில் மூழ்கிய நகையினும் விற்ற நிலத்தினும் அவரை வருத்துவது இதுவே. உடன்பிறந்தாரும் ஊரும் அரசும் சேர்ந்தன்றி இவ்வினாவிற்கு விடை கூறல் இயலாது. நோயாளி மருத்துவம் பெற்று, கைத்தொழில் கற்று, இயன்ற அளவு தம் காலில் தாம் நிற்குமாறு இளமையிலேயே உதவுவது அவ்விடையின் முதற்பகுதி ஆகும்.

காஞ்சிபுரத்துச் சிற்றூரில் வாழும் நெசவாளர் குடும்பத்தை மீண்டும் நினைக்க. நோய் தோன்றிய முதல் வாரத்தில், அவ்வூர் ஆசிரியரோ செவிலியரோ அவர்களை மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பாராயின் நிகழ்ந்திருப்பது யாது? மைந்தன் சில வாரங்களில் அமைதியுற்றிருத்தல் கூடும். மருந்திற்குப் பணம் வேண்டியிராது. தாயின் காதணி காதிலேயே இருந்திருக்கும். சில மாதங்களில் அவன் சிறிது சிறிதாகத் தறிக்குத் திரும்பி, முதலில் அரைநாளும் பின்னர் முழுநாளும் கரை போட்டிருத்தல் கூடும். அவன் தங்கை பத்தாம் வகுப்பிற்குச் சென்றிருப்பாள். அப்பெண் இழந்த கல்வி மனநோயின் விலையன்று. மறைத்தமையின் விலையும், வழிகாட்டுவார் இன்மையின் விலையுமே ஆகும்.

காலம் கடந்தது என்று கைவிடுதலும் வேண்டா. இன்று தொடங்கும் மருத்துவம் நாளைய செலவைக் குறைக்கும். பள்ளியினின்று நின்ற பெண்ணை மீண்டும் பள்ளிக்கு அழைத்துவரலாம். அவளுடன் ஒரு வகுப்பில் அமர்ந்து பயின்ற தோழியர் அவ்வில்லத்தின் வாயிலிற் சென்று அழைப்பின், அதுவும் அக்குடும்பத்தின் சுமையில் ஒரு பங்கினைத் தாங்கியதாகும்.

நோயுற்றாரைப் பேணுதல் குடும்பத்தின் கடன். அக்குடும்பத்தைப் பேணுதல் ஊரின் கடன். அவ்விரண்டிற்கும் துணைநிற்றல் அரசின் கடன். கடமையாகிய இக்கடனை யாவரும் தத்தம் அளவிற் செலுத்துவாராயின், பொருளாகிய கடன் எவ்வில்லத்தையும் அழுத்தாது.